படிக்கட்டுக் கழுவும் பாட்டு

கெல்சென்கிர்ச்சனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே அலமாரிக்கு மேல் ஒரு வானொலி இருக்கிறது. அது தன் பாட்டில் கத்தும், நான் என் பாட்டில் உருளைக்கிழங்கு சீவுவேன்.

ஒரு திங்கட்கிழமை, பெயர் தெரியாத புதியவர்களின் பாட்டுகளை மட்டும் போடும் நிகழ்ச்சியில் ஒரு பெண் கிட்டாரோடு பாடத் தொடங்கினாள். என்ன பாடினாள் தெரியுமா? இந்தக் கிழமை படிக்கட்டுக் கழுவுவது யாருடைய முறை என்று! மூன்றாம் மாடிக்காரர் தன் முறை வரும்போதெல்லாம் விடுமுறைக்குப் போய்விடுகிறாராம். இவள்தான் வாளியோடு நிற்கிறாளாம். ஜேர்மனியில் மாடிவீட்டில் குடியிருந்து, வாரத்துக்கு ஒரு வீடாக முறைவைத்துப் படிக்கட்டுக் கழுவியவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். இதையெல்லாம் பாட்டாக்கலாம் என்று இத்தனை வருடத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே! பாதியில் டிரம்ஸ் வேறு வந்து விழுந்தது. கத்தியை வைத்துவிட்டு நின்றேன். பாடியவளின் பெயரைச் சொல்லும் நேரம் பார்த்துப் பாத்திரம் கழுவும் இயந்திரம் இரையத் தொடங்கியது. அதை உதைக்கலாம் போல இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நல்ல பாட்டுகள் வராமலில்லை. ஒருவன் பழைய சைக்கிளை விற்ற கவலையைப் பாடினான், அதுவும் பிடித்தது. ஆனால் எனக்கு அவள்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நேயர்கள் தொலைபேசியில் கேட்டால் அந்தக் கிழமைப் பாட்டொன்றைத் திரும்பப் போடுவார்கள். அதைத் தவறவிட்டால் அவ்வளவுதான், அடுத்த கிழமை வேறு ஆட்கள்.

இங்கேயே பிறந்து வளர்ந்த மகளிடம் தொலைபேசி எடுத்துக் கேட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சினேன்.

“நீங்களே எடுங்கோ அம்மா. டொக்டரைப் பாக்க டெர்மின் கேக்க மட்டும் ஜேர்மனிலை கதைக்கிறியள்தானே?”

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, வானொலியை மெல்லப் போட்டுவிட்டு நானே எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே கிடைத்துவிட்டது! “நீங்கள் இப்போது நேரலையில் இருக்கிறீர்கள்” என்றார் அறிவிப்பாளர். அவ்வளவுதான், மூளை நின்றுவிட்டது. வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது. தமிழ் வானொலிக்கு நாங்கள் எப்படி எடுப்போம்? பெயர், ஊர், பாட்டு, பிறகு அந்தப் பாட்டு யார் யாருக்காக என்ற நீண்ட பட்டியல். அதையே ஜேர்மன் மொழியில் ஒப்புவித்தேன்.

“படிக்கட்டுக் கழுவும் பாட்டு வேண்டும். என் கணவருக்காக, மகளுக்காக, பாரிசில் இருக்கும் அக்கா, அத்தான், பிள்ளைகளுக்காக, டொரொண்டோ மாமா குடும்பத்துக்காக…”

“ஐயோ அம்மா, காணும்! விடுங்கோ!” மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

எப்படி விடுவது? பட்டியலில் சுவிஸ் சித்தப்பா இன்னும் வரவில்லை. அவரை விட்டால் கோபிப்பார். அவரையும் சொல்லித்தான் மூச்சு வாங்கினேன்.

அறிவிப்பாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “இவர்களுக்கெல்லாம் இந்தப் பாட்டு அவ்வளவு பிடிக்குமா?”

யோசித்துப் பார்த்தேன். அக்காவுக்கு ஜேர்மன் தெரியாது. மாமாவுக்குக் கிட்டார் சத்தமே ஆகாது. கணவர் பக்திப்பாட்டைத் தவிர வேறெதையும் காதில் வாங்கமாட்டார்.

“ஒருவருக்கும் பிடிக்காது” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “அப்படியானால் யாருக்குத்தான் போடுவது?”

எத்தனை வருடமாக எத்தனை வானொலிகளுக்கு எடுத்திருப்பேன்! அந்தப் பட்டியலில் ஒரு தடவைகூட என்னைச் சேர்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமும் தாங்க முடியவில்லை.

“எனக்கு” என்றேன். “எனக்கு மட்டும்.”

மகள் ஓடிப்போய் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.