வேன்காரரின் முறை

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்குக் கதை எழுத வரும் என்றால் யார் நம்புவார்கள்? கட்டிய மனைவியே நம்பவில்லை. நூலக மாடியில் மாதாமாதம் கூட்டம் நடக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் கதையை அங்கே வாசித்துக் காட்டுவார்கள். வேன்காரரும் ஒரு வருடமாகப் போகிறார், வாசித்தபாடில்லை. எல்லாம் அந்த வேனால் வந்த வினை. கூட்டம் முடிந்ததும் எல்லோரையும் அவரவர் வீட்டில் கொண்டுபோய் விடுவது அவர்தான்.

"அண்ணன் எங்க ஓடிடப் போறாரு? கடைசியா படிக்கட்டும்" என்பார் செயலாளர். அதற்குள் காவலாளி விளக்கை அணைக்க வந்துவிடுவார்.

"உங்களைக் கதை படிக்கக் கூப்பிடுறாங்களா, வண்டி ஓட்டவா?" என்று மனைவி கேட்டது சுருக்கென்று தைத்தது. அதனால்தான் இந்த முறை அவளையும் அழைத்துவந்தார். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

வங்கிக்காரர் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விட்டால்தானே! சிறுகதை என்றுதான் சொன்னார், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. அடுத்து வந்த டீச்சர், "சின்னதுதான்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு கதைகளை வாசித்தார். காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"அடுத்த மாசம் முதல்ல நீங்கதான் அண்ணே" என்றார் செயலாளர். போன மாதமும் இதையேதான் சொன்னார். வேன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்கவும் தெம்பில்லை.

வேனில் அவரவர் தங்கள் கதையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்த மனைவி கையை நீட்டினாள்.

"அந்தக் கதையைக் கொடுங்க."

உள்விளக்கைப் போட்டு, தட்டுத்தடுமாறிச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். பேச்சு அடங்கியது. புகுந்த வீட்டில் முதல் நாள், சாப்பிட்டாயா என்று யாரும் கேட்காத ஒரு பெண்ணின் கதை அது. என்றைக்கோ போகிறபோக்கில் அவளே அவரிடம் சொன்னதுதான். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அண்ணே, இந்த முக்குல நிறுத்துங்க. பிரமாதம், மீதியை அடுத்த மாசம் கேக்குறேன்" என்று வங்கிக்காரர் இறங்கினார். பிறகு டீச்சர் இறங்கினார். செயலாளர் இறங்கிக் கதவை அறைந்து சாத்தியதில் ஒரு வரியே அமுங்கிப்போனது.

"பாத்தியா? ஒருத்தராவது முழுசா கேட்டாங்களா?" என்று வெடித்தார் வேன்காரர்.

"பேசாம ஓட்டுங்க" என்றவள், அமுங்கிய வரியை மறுபடி வாசித்தாள்.

அவர்கள் தெரு வந்தது. அவர் வண்டியைத் திருப்பப் போனார்.

"நேரா போங்க. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."