வலப்பக்கம் சாய்ந்த வண்டி

பழைய காரின் பின்பாதியை வெட்டி, பலகை அடித்துச் சாமான் வண்டியாக்கி வைத்திருந்தேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரி எரியும் வாயுவில் ஓட்டுவதற்காகப் பின்னால் இடப்பக்கம் கனமான அடுப்பு ஒன்றைப் பொருத்தினேன். யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்ததும் அடுப்பைக் கழற்றினேன்.

அன்றிலிருந்து வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. ஓட்டினாலும் அந்தப் பக்கமே இழுத்தது. டயரை மாற்றினேன், பலகையை மாற்றினேன், ஒன்றும் புரியவில்லை. யாரையும் கேட்கக் கூச்சம். அடிச்சட்டமே வளைந்திருந்தால் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும் என்ற பயம் வேறு. ஆறு மாதம் கழித்து, மனைவியையும் ஏற்றிக்கொண்டு, அடுப்பைப் பொருத்திக் கொடுத்த அரியலூர் பட்டறைக்கே போனேன்.

பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடுப்பை எறக்கிட்டீங்க, சரி. அது கனம் தாங்க இந்த எடப்பக்கம் ரெண்டு ஸ்பிரிங் பட்டை சேத்தேனே, அதை யாருண்ணே எறக்குவா?"

அவர் சேர்த்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பட்டைகளைக் கழற்றியதும் வண்டி நிமிர்ந்தது. பெரம்பலூருக்குத் திரும்பும்போது, சாலையின் இடப்பக்கப் புளியமரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

"ரோடு இந்தப் பக்கம்ல இருக்கு!" என்று பக்கத்தில் இருந்த மனைவி கத்தினாள்.

இப்போது வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. என் கைகள்தான் ஸ்டியரிங்கை இன்னும் இடப்பக்கம் ஒடித்துப் பிடித்திருந்தன.