அந்தக் கும்பலில் ஒரு பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஆடி மாதத்தில், தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கிற மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது மழையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு நான் வீட்டில் கிடந்த சமயம். கணவர் தேங்காய் வியாபார விஷயமாகக் காலையிலேயே பொள்ளாச்சி போய்விடுவார். வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும்தான். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

முதலில் எனக்கிருக்கும் ஒரு பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன பையன்களைப் பற்றிய பழைய படங்கள் என்றால் எனக்கு உயிர். ஊர் சுற்றுவது, வண்டி திருடுவது, கத்தியை வைத்துக்கொண்டு பயமுறுத்துவது, கடைசியில் போலீஸில் மாட்டிக்கொள்வது என்று போகும் கதைகள். பெரிய நடிகர்கள் இருக்க மாட்டார்கள். செட் கிடையாது. கையில் காசில்லாததால் நிஜத் தெருவிலேயே எடுத்திருப்பார்கள். அதனாலேயே ஒரு நிஜம் வந்துவிடும். எந்த நாட்டுப் படமானாலும் எனக்கு ஒன்றுதான். இப்போது சினிமாப் பிரியர்கள் சிலர் இந்த மாதிரிப் படங்களைத் தேடிப் பிடித்து, கீறலும் புள்ளியும் எடுத்து, சத்தத்தைச் சரிசெய்து, டிஸ்க்காக வெளியிடுகிறார்கள். ஒரு காலத்தில் யாரும் மதிக்காத படங்கள் அவை. அவற்றுக்காக இத்தனை பாடுபடுகிறார்களே என்று ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கும். "டீச்சர் பாக்கற படமா இது?" என்று கணவர் கேலி செய்வார். அலமாரியில் ஒரு தட்டை மட்டும் எனக்கென்று விட்டுக்கொடுத்திருக்கிறார்.

அத்தைக்கு சினிமாவே ஆகாது என்று நினைத்திருந்தேன். டி.வி. போட்டால் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். அதிகம் பேச மாட்டார். ஆனால் என் மேல் அவருக்குப் பிரியம் உண்டு என்பது தெரியும். நான் இடுக்கியில் எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். எங்களுடையது காதல் கல்யாணம். கணவரின் தாய்மாமா, அதாவது அத்தையின் அண்ணன், இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். "அவனுக்குப் புடிச்சிருக்குது, போதும்" என்று சொல்லி அத்தைதான் நடத்தி வைத்தார். அவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததில்லை.

அந்த ஆடியில் கூரியரில் ஒரு டிஸ்க் வந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய தமிழ்ப் படம். எங்கள் பக்கத்திலேயே, பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே எடுத்தது என்று அட்டையில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். படிப்பை விட்ட சில இளவட்டங்கள் கும்பல் சேர்ந்து, லாரியில் வரும் சரக்கைத் திருடி, செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்கிற கதை. தமிழ்ப் பிரதியில் நடுவில் ஒரு பகுதி கெட்டே போய்விட்டதாம். மலையாளத்தில் டப்பிங் செய்த பிரதி எங்கோ கிடைக்க, அதிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று மலையாளத்தில் சமாதானமானார்கள். எங்கள் ஊரில் தினமும் நடப்பதுதானே என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அந்தக் கும்பலில் ஒரு பெண். பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, வாய்க்கால் மேட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாள். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பள்ளம். தடம் ஒரு முழம்தான் இருக்கும். மேட்டை விட்டுச் சாலையில் ஏறியதும் பின்னால் போலீஸ் ஜீப். செக்போஸ்ட் கட்டை இறங்குகிறது. அவள் வண்டியின் மேல் அப்படியே படுத்து, கட்டைக்கு அடியில் நுழைந்து போய்விடுகிறாள். அந்தப் பக்கம் போய் நின்று, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பில் நான் டிஸ்க்கை நிறுத்தினேன்.

வலது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற ஒரு தழும்பு. சின்ன வயதில் கன்றுக்குட்டி முட்டியது என்று அத்தை எனக்குக் காட்டிய அதே தழும்பு. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பில் கைவைத்து நிற்கிற அதே நிற்பு. பழைய தேய்ந்த பிரதியாக இருந்தால் அந்த முகம் வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கும். புருவமாவது தழும்பாவது. சுத்தம் செய்தவர்கள் அவ்வளவு அக்கறையாகச் செய்திருந்தார்கள்.

காபியோடு அத்தை உள்ளே வந்தார். டி.வி.யைப் பார்த்தார். டம்ளர் கையில் இருக்க அப்படியே நின்றுவிட்டார்.

"அத நிறுத்து அம்மிணி" என்றார்.

படம் ஏற்கனவே நின்றுதான் இருந்தது. நான் டி.வி.யையே அணைத்துவிட்டேன். அவர் காபியை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். அன்று முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எதையோ உடைத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

மறுநாள் கணவர் கிளம்பியதும் என் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, கீரையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் பால் கேனை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் ஊற்றி வருவாராம். படம் எடுக்க வந்தவர்கள் கூட்டி வந்த பெண்ணுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை. முதுகுப்பக்கம் மட்டும் காட்டுகிறோம் என்று சொல்லி இவரை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டியதைப் பார்த்த டைரக்டர், அந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டு இவரையே நடிக்க வைத்துவிட்டார். கேமராக்காரரை டெம்போவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி உட்கார வைத்து எடுத்தார்களாம்.

"ஊட்டுல ஆருக்கும் தெரியாதுங்களா?"

"போஸ்டர் ஒட்டுனப்பறம் தெரியாம இருக்குமா? பேண்டு போட்டுட்டு நிக்கறேன், கையில கத்தி. அண்ணன் சந்தையில பாத்துட்டு வந்தாரு. அப்பறம் என்னத்தைச் சொல்ல. பேசி வச்சிருந்த மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. படம் பொள்ளாச்சியில ஓடுனப்ப என்னை வாசப்படி தாண்ட விடல."

பிறகு அமைந்த மாப்பிள்ளைதான் என் மாமனார். அவர் தெரிந்தேதான் கட்டிக்கொண்டாராம். ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது என்றிருக்கிறார். அவர் இறந்து சில வருடங்கள் ஆகியும் அத்தை எடுக்கவில்லை. மகனுக்கே தெரியாது.

"நீயும் சொல்லிக்காதே அம்மிணி. இத்தன வயசுக்கப்பறம் எதுக்கு?"

சரி என்றேன். டிஸ்க்கை அட்டைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஏன் அம்மிணி, அந்தப் படத்துல கடைசியில என்ன ஆகுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. தான் நடித்த கதையின் முடிவு கூடத் தெரியாமல் நாற்பது வருடம் இருந்திருக்கிறார்.

முதலில் இருந்து போட்டேன். அத்தை நாற்காலியில் உட்காராமல், என் கால் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. கும்பல் தலைவனாக வருகிற பையன் உண்மையில் லாரி கிளீனர் என்றார். திருடுவது போல நடிக்கும்போதே தோட்டக்காரர் நிஜத் திருடன் என்று நினைத்துத் துரத்திய கதையைச் சொல்லிச் சிரித்தார். படத்தில் தான் பேசுகிற இடம் வந்ததும், "இது என்ற கொரலே இல்ல" என்றார். மலையாளப் பகுதி வந்தபோது, "இதுவும் இல்ல" என்றார். செக்போஸ்ட் கட்டைக்கு அடியில் வண்டி நுழைகிற இடத்தில் பேச்சு நின்றது. என் மாவுக்கட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

முடிவில் அந்தப் பெண்ணைச் சுட்டுவிடுகிறார்கள். தலைமுடி முகத்தை மறைக்க, குப்புற விழுந்து கிடக்கிறாள். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நின்று இளைஞர்களுக்கு நீளமாகப் புத்திமதி சொல்கிறார்.

அத்தை முன்னால் நகர்ந்து உற்றுப் பார்த்தார். "இது நானில்ல. வேற ஆரையோ படுக்க வச்சிருக்கறாங்க." கொஞ்சம் கழித்து, "நான் செத்துப் போறதா ஆரும் சொல்லவே இல்லியே அம்மிணி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாவம், அவ என்ன அப்பிடிப் பெரிய தப்புப் பண்ணிப்போட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய்மாமா சாப்பிட வந்தார். ஞாயிறானால் தங்கை வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. வயதாகியும் குரலின் அதிகாரம் குறையாதவர். அவரும் என் கணவரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை கறிக்குழம்பு ஊற்றினார். ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, அந்தப் படத்தைப் போடு."

 "இப்பவா அத்தை?"

"இப்பத்தான்."

போட்டேன். வாய்க்கால் மேடு வருகிற இடத்துக்கு நேராகப் போனேன். கணவர் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ படம் என்று பார்த்தார். அந்தப் பெண் திரும்பிச் சிரித்ததும் சோற்றைப் பிசைந்த கை நின்றுபோனது. டி.வி.யைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி டி.வி.யைப் பார்த்தார். "அம்மா, நீயா?" என்றார். 

அத்தை கரண்டியைப் பிடித்தபடி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் மாமாவைத்தான் பார்த்தேன். இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விடுவார், இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "அதை இன்னொருக்காப் போடு" என்றார் என்னிடம்.

போட்டேன். வாய்க்கால் மேடு, ஜீப், இறங்குகிற கட்டை. வண்டி அடியில் நுழைந்து வெளியே வந்ததும் அவர் மெதுவாக மூச்சு விட்டார். என் கணவர் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மாளுக்கு வண்டி ஓட்டப் பழக்குனது நாந்தான், மாப்பிள்ளை."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பெருமைதான், வேறொன்றுமில்லை. அத்தனை வருடம் அதை எங்கே வைத்திருந்தாரோ.

அத்தை குனிந்து அவர் இலையில் சோறு வைத்தார். "பழக்குனதும் நீங்கதானுங்ணா. சாவியப் புடுங்கி வச்சிட்டதும் நீங்கதானுங்ணா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்பது போலச் சொன்னார்.

மாமா தலை நிமிரவில்லை. "ஆமா புள்ளெ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஆமா" என்றார். பிறகு அந்தச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அழுது கண்ணைத் துடைத்தாரா, காரத்துக்குத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார்.

டிஸ்க் வெளியிட்டவர்களுக்கு எழுதி, அந்தப் பெண் யாரென்று சொல்லட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். நடித்தவர்களின் பெயர் வரிசையில் அவர் பெயரே இல்லை. அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "பேரு தெரிஞ்சா இன்னொரு படத்துக்குக் கூப்புடுவாங்க. மாட்டை ஆரு பாக்கறது?" என்றார். நிஜமாகச் சொன்னாரா கேலியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் இப்போது புது டிஸ்க் வந்தால், "இதுல வண்டி ஓட்டறாங்களா?" என்று கேட்டுவிட்டு வந்து உட்காருகிறார். ஓட்டுகிறவர்களின் குறையை எல்லாம் சொல்லுகிறார். கணவரும் சில நாள் சேர்ந்துகொள்கிறார்.

நான் இன்னமும் அந்தப் படங்களைத்தான் பார்க்கிறேன். அதே கும்பல்கள், அதே திருட்டு, அதே புத்திமதி. கதாநாயகன் முன்னால் நின்று வசனம் பேசும்போது என் கண் பின்னால் நிற்பவர்களிடம் போய்விடுகிறது. மங்கிப்போன சுருளிலிருந்து அந்த முகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தவர்கள் யாரோ, எங்கேயோ இருக்கிறார்கள். பக்கத்து அறையில் வாழ்ந்த ஒருவரை நான் முதன்முதலாகப் பார்த்ததே அவர்களால்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம், ஒரு மனுஷியைத் தெரிந்துவிட்டது என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வருவதில்லை.