சண்டை போடாத பிள்ளை

ஏற்காட்டில் குடும்பங்களை மலைநடைக்குக் கூட்டிப் போகும் வேலையில் நான் சேர்ந்த அன்று, எங்கள் முதலாளி சொன்னது ஒன்றுதான். "வர்றவங்க கோயில் உச்சியப் பாத்துட்டா சந்தோசமாப் போயிருவாங்கம்மா. எப்படியாச்சும் மேல ஏத்திரு." முதுகில் பையைச் சுமந்து காப்பித் தோட்டங்கள் வழியாக நடந்து, இடையில் ஓர் இரவு தங்கி, சேர்வராயன் கோயிலை அடைவது எங்கள் ரூட். பெரியவர்களோடு அது சுலபம். பிள்ளைகளோடு எப்படி நடப்பது என்பதை ஓர் ஐப்பசி மழையில்தான் கற்றுக்கொண்டேன்.

நாமக்கல்லிலிருந்து வந்த குடும்பம் அது. அப்பா செந்தில், அம்மா கவிதா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் யாழினி, அவளுடைய தம்பி கதிர். கதிருக்கு ஆறு வயது. செந்தில் வெகுநாள் ஆசைப்பட்டுப் போட்ட திட்டம். பிள்ளைகள் முதுகுக்கு அளவான பை, கழுத்தில் விசில் என்று எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தார்.

தலைச்சோலை ஊரைத் தாண்டும்வரை கதிர் வாய் மூடவில்லை. மிளகுக்கொடி ஏன் மரத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறது, காட்டுமாடு எங்கே தூங்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தான். யார் முன்னால் நடப்பது என்று அக்காவோடு ஓயாத சண்டை வேறு. செந்தில் இரண்டு மூன்று தடவை அதட்டிப் பார்த்தார்.

மதியத்துக்குமேல் பனி இறங்கி மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ரெயின்கோட் மாட்டினோம். கதிரின் தொப்பி காற்றில் பின்னால் சரிந்து, கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது யாருக்கும் தெரியவில்லை. பையன் அமைதியாகிவிட்டான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபடி நடந்தான். மலை ஏறினால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது என்று செந்தில் என்னிடம் பெருமைப்பட்டார்.

யாழினிதான் என் பக்கத்தில் ஒட்டி வந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, தம்பி அவனோட கடலை மிட்டாய எனக்கே குடுத்துட்டான். அவன் குடுக்கவே மாட்டான்."

நான் கதிரின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். "சாமி, உங்க ஸ்கூல் டீச்சர் பேரென்ன?" என்று கேட்டேன். என்னையே பார்த்தான். பதில் வர நேரமானது, வந்ததும் குழறலாக வந்தது. சட்டைக்குள் கைவிட்டேன். பனியன்வரை ஈரம், முதுகு சில்லிட்டிருந்தது. உடம்புச் சூடு இறங்கித்தான் பையன் அடங்கியிருந்தான்.

"ராத்திரி தங்கற எடம் இன்னும் கொஞ்ச தூரந்தானுங்களே, நான் தூக்கிக்கறனுங்க" என்றார் செந்தில்.

"வேண்டாங்க. இப்பவே ஈரத்தக் கழட்டோணும், சூடு வேணும். கீழ எஸ்டேட் ஊடு இருக்குதுங்க, அங்க போயிரலாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். கவிதா அதற்குள் பையை இறக்கி, குடைக்கடியில் பிள்ளையின் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.  செந்தில் தன் சட்டையைத் திறந்து மகனை வெறும் மார்போடு அணைத்து, மேலே ஸ்வெட்டரையும் ரெயின்கோட்டையும் போர்த்திக்கொண்டு இறங்கினார்.

அந்த வீட்டில் காப்பி பறிக்கும் காளியம்மா இருந்தார். விவரம் எதுவும் கேட்காமல் அடுப்புக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, வெல்லம் போட்ட வெந்நீர் கொடுத்தார். காய்ந்த துணியில் சுற்றிய கதிர் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கினான். செந்தில் பயந்துபோனார். அவன் உடம்பு தானே சூடு தேடுகிறது, நல்லதுதான் என்று சொன்னேன். வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக, நடுக்கம் அடங்கியது. அடுப்பருகே யாழினி வந்து உட்கார்ந்தாள்.

"தள்ளி உக்காரு. இது என் எடம்" என்றான் கதிர்.

கவிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செந்தில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

முதலாளிக்குப் போன் செய்து, நடந்ததையும் இந்தத் தடவை உச்சி இல்லை என்பதையும் சொன்னேன்.  பையன் சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. எங்கே போகலாம் என்று செந்தில் பிள்ளைகளைக் கேட்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓடையைக் காட்டினார்கள். மதியம்வரை அதில் கல்லடுக்கி அணை கட்டினார்கள். அப்பாவும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இப்போதெல்லாம் என் குழுவில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான் முன்னால் நடக்கும். அதன் வேகம்தான் எங்கள் வேகம். ஒவ்வொரு பையிலும் மேலாக, பிளாஸ்டிக் கவரில் ஒரு செட் காய்ந்த துணி. உச்சி கிடைக்காவிட்டால் ஓடை இருக்கிறது.

ஏற்காடு ஒண்டிக்கடைச் சந்திப்பில் நடையைத் தொடங்கும்போதே பெற்றோர் சிலர் என்னிடம் சங்கடப்படுவார்கள். "நொம்பச் சத்தம் போடுவாங்க, கோவிச்சுக்காதீங்க" என்பார்கள்.

"போடட்டுங்க" என்பேன். "சத்தம் நின்னா மட்டும் சொல்லுங்க."