சீட்டின் நான்காவது வரி

இதில் யார் பெயரும் வராது. நாகரிகம் கருதி அல்ல. ஒரு பெயரை ஒரு துண்டுச் சீட்டில் ஒருமுறை எழுதினேன். அது போன இடத்தையும் செய்த வேலையையும் பார்த்ததிலிருந்து, பெயர் எழுத வேண்டிய இடம் வந்தால் கை நின்றுவிடுகிறது.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். இடையிடையே விழித்து நிறையப் படித்தேன். எழுதவும் செய்தேன். மூன்று கதைகள் மூன்று பத்திரிகைகளுக்குப் போய் மூன்றும் பத்திரமாகத் திரும்பி வந்தன. எங்கள் சர்ச் சபையில் வேறு யாருக்கும் இந்த அனுபவம் இல்லாததால், எழுத்தாளன் என்று என்னைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

அப்போதுதான் கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில், மூடிக்கிடந்த ஒரு நிலக்கடலை மண்டியை, எங்கள் பேச்சில் மல்லாட்டை மண்டியை, வாடகைக்கு எடுத்து ஒருவர் ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம், காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை. பிசாசு பிடித்தவர்களுக்கு விடுதலை. கோயில் ஊரில் நாங்கள் கொஞ்சம் பேர்தான் கிறிஸ்தவர்கள். கார்த்திகை தீபத்துக்கு ஊரே பொங்கி வழியும்போது கதவைச் சாத்திக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவர்கள். எங்களுக்கும் ஒரு கூட்டம், எங்களுக்கும் ஒரு அதிசயம் என்று வந்ததும் சபையில் பாதிப் பேர் மண்டிக்குப் போய்விட்டார்கள். காலில் மல்லாட்டைத் தோல் நொறுங்க நொறுங்க நடந்து போய்ப் பாயில் உட்காருவார்கள்.

அந்தப் போதகர் அதற்கு முன்னால் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்தவர். வெள்ளை ஜிப்பா போட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆடுகிறவரின் தலையில் கையை வைத்து, "எங்க ஏறின? எத்தன நாளாச்சு? கூட எத்தன பேரு?" என்றுதான் பிசாசை விசாரிப்பார். டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களைப் போலவே அவையும் திருதிருவென்று விழிக்கும்.

வருகிறவர்கள் முதலில் வாசல் மேஜைக்கு வர வேண்டும். மேஜையில் நான். அவர்கள் சொல்வதைச் சீட்டில் மூன்று வரி எழுதுவேன்: பெயர், ஊர், கஷ்டம். சீட்டு உள்ளே போகும். ஒரு மணி நேரம் கழித்துப் போதகர் கண்ணை மூடி, "வேங்கிக்கால்ல இருந்து ஒரு சகோதரி வந்திருக்கீங்க, மூணு மாசமா தலைவலி" என்பார். கூட்டம் அல்லேலூயா என்று அலறும். சீட்டைப் பற்றி அவர் என்னிடம் ஒளித்ததில்லை. "ஆவியானவர் காட்டறாரு தம்பி, ஆனா எனக்கு ஊரு பேரு ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது" என்றார். எனக்கு அது சமாதானமாக இருந்தது. பரிசுத்த ஆவிக்கு ஒரு குமாஸ்தா தேவைப்பட்டால் பட்டதாரியாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வேங்கிக்காலிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமானவள், முப்பது வயதிருக்கும். இன்று கலெக்டர் ஆபீஸும் வரிசை வரிசையாக வீடுகளும் இருக்கிற வேங்கிக்கால் அப்போது வயலும் ஏரியும் ஒரு பொதுக் கிணறும்தான்.

"தண்ணி எடுக்கப் போனா ஒடம்பு வெடவெடன்னு ஆடுதுங்க. கொடத்தப் போட்டுட்டு வந்துடறேன்" என்றாள்.

"எந்தக் கெணறு?"

"அதான், போன வருஷம் அந்தப் பொண்ணு வுழுந்துதே. எங்க பக்கத்து வூடுதாங்க."

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் சபைப் பெண், பத்தொன்பது வயது. தண்ணீர் எடுக்கப் போனவள் கிணற்றில் விழுந்து செத்தாள். விழுந்தாளா, குதித்தாளா என்று ஊர் இரண்டு நாள் பேசியது. எங்கள் சபை ஐயர், அதாவது பாதிரியார், வயதானவர், "வழுக்கி விழுந்த பிள்ள. என் கல்லறைத் தோட்டத்துல எடம் இருக்கு" என்று சொல்லி அடக்கம் செய்து பேச்சை முடித்தார். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அவள் தாய் குழியோரம் புரண்டு அழுததைக் கேட்டேன். "கண்ணாடி முன்னாடி நின்னு தல சீவினது போதும், போய்த் தொலைன்னு சொன்னேனே, தொலஞ்சே போயிட்டியேடி!"

வந்த பெண்ணுக்கு மூன்று வரி எழுதினேன். பெயர், ஊர், நடுக்கம். எவ்வளவு சப்பையான சீட்டு! என் திரும்பி வந்த கதைகளில்கூட இதைவிடக் கொஞ்சம் உயிர் இருந்தது. பேனாவை மூடப் போனவன் திறந்து நான்காவது வரி எழுதினேன். கிணற்றில் செத்த பெண்ணின் பெயர். பக்கத்திலேயே, 'தாய் போய்த் தொலை என்று திட்டியதால் குதித்தவள்.'

குதித்தவள் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வழுக்கி விழுந்தாள் என்றால் வாக்கியம் எடுபடவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே போதகர் அவள் தலையில் கை வைத்தார். "நீ யாரு? கெணத்துலதான ஏறின?"

அவள் ஆடிக்கொண்டே தலையை அசைத்தாள்.

போதகர் செத்துப்போனவளின் பெயரைச் சொல்லி, "நீ அவதான? ஒங்க அம்மா ஒன்ன போய்த் தொலைன்னாளா?" என்றார்.

"தொலைன்னா... ஆமா, தொலைன்னா" என்று அவள் கத்தினாள்.

"அதனால குதிச்சியா?"

"குதிச்சேன்! குதிச்சேன்!"

மண்டி அதிர்ந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பயத்தினால் என்று எழுத ஆசை. உண்மை என்னவென்றால், நான் எழுதிய ஒரு வரி முதன்முறையாக இருநூறு பேருக்கு முன்னால் அரங்கேறியிருந்தது.

அடுத்த வாரம் சபை ஐயர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்தப் புள்ள பேரு அந்தாளுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"ஆவியானவர் வெளிப்படுத்தினாருங்க ஐயா."

"செத்தவங்க பேயா அலையறாங்கன்னு எங்கய்யா இருக்கு வேதத்துல? பிசாசு வேற, நம்ம செத்தவங்க வேற. இந்த வித்தியாசம்கூடத் தெரியாம ஒருத்தன் பிசாசு ஓட்டறான், நீ போய் மேஜ போட்டு ஒக்காந்துகினு இருக்கிற."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்பே இல்லாத பாவம் பரிசுத்த ஆவிக்கு விரோதமாகப் பேசுவதுதான் என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். அந்த ஆவியின் பெயரிலேயே பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்க் காபி குடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கிணற்றில் செத்தவளின் தாய் என் மேஜைக்கு வந்தாள். சலவைப் புடவை கட்டியிருந்தாள், கோயிலுக்குப் போகிற மாதிரி.

"எனக்கும் ஒரு சீட்டு எழுது தம்பி."

"இன்னா கஷ்டம்மா?"

"கஷ்டம் ஒண்ணும் இல்ல. எம் பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்த பேசணும்."

நான் ஒரு சீட்டை எடுத்து வைத்தேன்.

"மொதல்ல நான் நம்பல. வழுக்கித்தான் வுழுந்துச்சுன்னு இருந்தேன். ஆனா போய்த் தொலைன்னு நான் சொன்னது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். வூட்ல வேற யாரும் இல்ல. அப்ப அது அவதான? நான் கோவத்துல சொல்லல, சும்மா வாய்ப்பேச்சு, அதச் சொல்லணும்."

குழியோரம் அத்தனை பேர் காதில் விழ அழுதது அவளுக்கு நினைவே இல்லை. எனக்கு இருந்தது. அந்த இடத்தில், 'அம்மா, அது நான் எழுதினது' என்று சொல்லியிருக்க வேண்டும். பின்னால் வரிசையில் ஆள் நின்றது. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. மேஜை போய்விடும், எழுத்தாளன் பட்டம் போய்விடும். நான் சீட்டு எழுதினேன். பெயர், ஊர், 'மகளிடம் பேச வேண்டும்.' கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது.

போதகருக்கு அது பெரிய வேட்டை. பக்கத்து வீட்டுப் பெண்ணையும் இந்தத் தாயையும் எதிரெதிரே உட்கார வைத்தார். தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சும்மா சொன்னேன்டி, மனசுல வெச்சுக்காத" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பெண் ஆடினாள், அழுதாள், பதில் சொல்லவில்லை. பேசவிட்டால் கூட்டம் சோர்ந்துவிடும் என்று போதகருக்குத் தெரியும். எழுந்து நின்று கையை உயர்த்தினார். "அசுத்த ஆவியே, ஒன்னைக் கட்டறேன்! பாதாளத்துக்குப் போ! அங்கயே கெட!"

அப்போது அந்தத் தாய் அவர் காலைப் பிடித்தாள்.

"அங்க அனுப்பாதீங்க ஐயா. அவளுக்கு இருட்டுன்னா பயம். கொல்லைக்குப் போறதுன்னாலும் நான்தான் வெளக்கு எடுத்துனு கூடப் போவேன்."

அல்லேலூயாவில் அது பலருக்குக் கேட்டிருக்காது. வாசல் மேஜைக்குக் கேட்டது.

அந்த வருஷத்தோடு போதகர் வேறு பெரிய ஊருக்குப் போய்விட்டார். மண்டியில் மறுபடி மல்லாட்டை வந்தது. எனக்கு அரசாங்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. நகைச்சுவைக் கட்டுரைகள் எழுத ஆரம்பித்தேன், இவை திரும்பி வரவில்லை. 'உங்களுக்கு எப்படி சார் இதெல்லாம் தோணுது?' என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அந்தக் கேள்வி என்னைக் குத்துகிற இடம் அவர்களுக்குத் தெரியாது.

எட்டு வருஷம் கழித்து, டவுன் பஸ்ஸில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்தேன். குண்டாக, சௌக்கியமாக இருந்தாள். அன்றைக்கு ஆடியதைப் பற்றிக் கேட்டதற்கு, "இன்னா பேசினேன்னே தெரியாதுங்க, ஐயா கேக்கக் கேக்க தலைய ஆட்னேன்" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "கெணத்த மண்ணப் போட்டுத் தூத்துட்டாங்க. யாரும் அந்தத் தண்ணியத் தொடல. அந்தம்மா வூட்டுக்கும் ஜாஸ்தி போக்குவரத்து இல்ல, பேயப் பெத்தவன்னு. தெனம் பொழுது சாய அது லாந்தர எடுத்துனு போயி அந்த மேட்டாண்ட வெக்குது. பொண்ணுக்கு இருட்டு பயமாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேங்கிக்காலுக்குப் போனேன். ஒரு வாரம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் அந்தத் தாயின் வாசலிலேயே மறந்துபோயின.

"சீட்டு எழுதினவன்தான நீ?" என்றாள்.

"ஆமாங்கம்மா. அன்னிக்குப் பேசினது ஒங்க பொண்ணு இல்லீங்க. நான் எழுதிக் குடுத்தது."

"போய்த் தொலைன்னு நான் சொன்னது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அடக்கத்தன்னிக்கு நீங்களே சொல்லி அழுதீங்க. நான் பக்கத்துல நின்னேன்."

"அப்ப அது அவ இல்ல."

"இல்லீங்க."

"பாதாளத்துக்கும் போவல."

"அந்தாளுக்கு அங்க அனுப்பற அதிகாரமே கெடையாதுங்கம்மா."

"எட்டு வருஷமா வெளக்கு வெக்கறேன்டா பாவி." அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். உள்ளே போய் ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "எழுதறவன்தான? எழுது. அவ வழுக்கி வுழுந்தான்னு எழுது."

என் கை நின்றது. "அது... எனக்குத் தெரியாதுங்களே."

"அன்னிக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

தெரிந்ததை மட்டும் எழுதினேன். 'அவள் எப்படி விழுந்தாள் என்று யாருக்கும் தெரியாது. குதித்தாள் என்றது நான் எழுதிய பொய். பேயாக வந்தது அவள் அல்ல.' அடியில் என் பெயர்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. "படி" என்றாள். படித்தேன். "சத்தமா படி, செவுத்துக்கு அந்தாண்ட கேக்கணும்" என்றாள். மறுபடி படித்தேன். சுவருக்கு மேல் இரண்டு தலைகள் எழுந்தன. அதுவும் போதவில்லை. என் முழங்கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பதினோரு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, "வெளிய வாங்க, இவன் ஒண்ணு படிக்கறான்" என்றாள். நான்காவது வீட்டில் ஒரு கிழவர் எட்டிப்பார்த்து, "எழுத்து நல்லாக்கீது, யாரு கை?" என்றார். ஏழாவது வீட்டில் ஒருத்தி, "மெய்யாலுமே நீதானா? படிச்ச பையனாட்டம் இருக்கிறியே" என்றாள். நான் ஒவ்வொரு முறையும் முதல் வார்த்தையிலிருந்து படித்தேன். குரல் போகப் போகக் கம்மியாயிற்று. "சத்தமா" என்று முழங்கையை நெரித்தாள்.

பதினோராவது வாசலில் படித்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நேரமாச்சு, வெளக்கு எடுத்துனு போவணும்" என்று திரும்பி இரண்டு எட்டு வைத்தாள்.

பிறகு நடுத்தெருவில் அப்படியே நின்றாள்.