கதவு வரைக்கும் போகிற பேரம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவர் 'கொறைங்க' மாமாதான். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை. பகலெல்லாம் காகிதத்துக்கும் பசைக்கும் பேரம் பேசிக் களைத்துப் போய் வீட்டுக்கு வருவார். வந்ததும் இளைப்பாறக் கொஞ்சம் பேரம் பேசுவார்.

நான் பல் செட் செய்கிற லேபில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த டாக்டரிடம் ஒருமுறை அவரைக் கூட்டிப் போனேன். நாற்காலியில் மல்லாந்து, வாய் பாதி மரத்துப் போன நிலையிலும், "ரெண்டு பல்லுக்கும் சேத்து ஒரு ரேட்டு சொல்லுங்க" என்றார் மாமா. டாக்டர் சிரித்துக்கொண்டே குறைத்தார். அதற்குப் பிறகு அந்த டாக்டர் என்னைப் பார்த்தால் சிரிப்பதில்லை.

மாமாவின் பேரத்தில் மூன்று பேருக்கு வேஷம் உண்டு. பேசுவது மாமா. பொருளைப் பிடிக்காதது அக்கா. வெளியே போய் நின்று போன் செய்து, "இங்க இன்னும் சல்லிசா குடுக்கறாங்க" என்று சொல்வது நான். கடைசியில் மாமா பொசுக்கென்று எழுந்து கதவு வரைக்கும் போவார். கடைக்காரர் கூப்பிடுவார். மாமா திரும்பி வருவார். இத்தனை வருஷத்தில் எந்தக் கதவையும் அவர் முழுசாகத் திறந்து நான் பார்த்ததில்லை.

இதில் கஷ்டமான வேஷம் அக்காவுடையது. எது ரொம்பப் பிடிக்கிறதோ அதைப் பார்த்துத்தான் அதிகமாக முகம் சுளிக்க வேண்டும். அவர்கள் வீட்டில் அக்கா வாயால் வசவு வாங்காத பொருள் ஒன்றுகூட இல்லை. பீரோ, பிரிட்ஜ், வரவேற்பறையை அடைத்துக்கொண்டு கிடக்கும் பச்சை சோபா, எல்லாமே நாலு பேர் முன்னால் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தவை. சோபா வாங்கும்போது அக்கா நடித்த நடிப்பை மாமா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். ஒரே ஒருமுறை மட்டும் சறுக்கியது. மரங்களைப் பார்த்த பால்கனியோடு ஒரு வீடு விலைக்கு வந்தது. அக்கா வழக்கம்போல் உதட்டைப் பிதுக்க, மாமா எழுந்து கதவு வரைக்கும் போனார். வீட்டை விற்றவர் கூப்பிடவில்லை. மறு வாரம் வேறு யாரோ குடி வந்தார்கள். அதற்குப் பிறகு அக்கா அந்தத் தெருவழியாகப் போவதையே விட்டுவிட்டாள்.

அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்து, மருமகன் வேலை மாறி, வேறு ஊருக்குக் குடி போனார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இரண்டாவது பஸ் வந்தால்தான் நிச்சயம். ஒருமுறை அக்கா போய்ச் சேர்ந்தபோது பேத்தி தூங்கிவிட்டாள், அவள் விழிப்பதற்குள் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த வாரமே அக்கா டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். ஐம்பதைத் தாண்டியவள் லைசென்ஸும் வாங்கிவிட்டாள். மாமாவுக்கு இன்றுவரை ஸ்டீயரிங்கைத் தொடத் தெரியாது.

"எலெக்ட்ரிக் காரா பாக்கலாம்" என்றாள் அக்கா. "நான் வேல பாக்கற ஆஸ்பத்திரியில சார்ஜ் போட்டுக்கலாமாம், சும்மாவே."

சும்மா என்ற சொல் மாமாவின் காதில் தேனாகப் பாய்ந்தது. விலைக்கு வாங்காமல் மூன்று வருஷ லீசுக்கு எடுக்கலாம் என்று தெரிந்ததும் மனிதருக்கு ராத்தூக்கமே போயிற்று. விலைக்கு வாங்கினால் ஒரு விலை, ஒரு பேரம், அதோடு முடிந்தது. லீசில் முன்பணத்துக்குப் பேசலாம், மாத வாடகைக்குப் பேசலாம், சார்ஜருக்குப் பேசலாம், வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்பதற்குக்கூடப் பேசலாம். சாப்பாட்டுப் பிரியனைப் பந்தியில் உட்கார வைத்ததுபோல் ஆகிவிட்டது.

ஷோரூமில் ஒரு நீல வண்டி நின்றது. ஒருமுறை சார்ஜ் போட்டால் அக்கா மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிடலாம். வழியிலும் மகள் வீட்டிலும் சார்ஜ் போட இடம் கிடையாது, அதனால் இந்தக் கணக்கு அக்காவுக்கு முக்கியம். அவள் நீல வண்டியின் கதவைத் தொட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. உடனே கையை எடுத்துக்கொண்டு, "கலரே சரியில்ல. பின்னாடி இடமும் பத்தாது" என்றாள்.

மாமா முகத்தில் பெருமை தாளவில்லை.

எங்களைக் கவனித்துக்கொண்ட விற்பனையாளர் ஒரு இளம்பெண். மாமா வாடகையைக் குறைக்கச் சொல்லும்போதெல்லாம் அவள் கணினியைத் தட்டி, சிரிக்காமல், கோபிக்காமல் குறைத்துக்கொண்டே வந்தாள். "வாடகைய கொறைச்சா கிலோமீட்டரும் கொறையும் சார்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். மாமாவுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. ஆனால் அந்தப் பெண் அக்கா சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். அதுவரை எந்தக் கடைக்காரரும் அக்காவின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தியதில்லை. அவர்களுக்கும் அந்த நாடகம் அத்துப்படி.

"மேடத்துக்கு இது பிடிக்கல போல. வேற காட்டறேன்" என்று எழுந்தாள்.

ஓரத்தில் நின்ற ஒரு சின்ன வெள்ளை வண்டியைக் காட்டினாள். வாடகை பாதி. பேட்டரியும் பாதி. அது மகள் வீட்டுக்குப் போகும், திரும்பி வராது. "டவுனுக்குள்ள ஓட்ட நல்லா இருக்கும்" என்றாள் அந்தப் பெண், உண்மையான அக்கறையோடு.

மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பேரமே பேசாமல் பாதி விலை. "பாத்தியா மாப்ள, உங்கக்கா வாயத் தொறந்தா போதும்" என்று என் காதில் சொன்னார். இனி இந்த வாடகையையும் இறக்க வேண்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகும் அக்கா வெள்ளை வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் பரிதாபமும் மாமாமேல் எரிச்சலுமாக வந்தது. நான் ஏதாவது சொல்லலாம் என்றால், என் வேஷம் போன் செய்வது மட்டும்தான்.

"எனக்கு நீலம்தான் பிடிச்சிருக்கு" என்றாள் அக்கா. "உள்ள நுழையும்போதே பிடிச்சிருச்சு."

மாமா ஒரு நொடி திகைத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. புது உத்தி என்று நினைத்துவிட்டார். அக்காவைப் பார்த்து ரகசியமாகக் கண்ணடித்தார். மனைவி வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்கிறாள், அதற்குக் கிடைத்த பதில் அதுதான்.

"இவ சொல்றா. எனக்கு ஒத்து வரல" என்று பொசுக்கென்று எழுந்தார். "வா, போலாம்."

கதவு வரைக்கும் போனார். அது ஆள் வந்தால் தானே திறக்கிற கண்ணாடிக் கதவு. மாமா அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண் சங்கடத்தோடு, "சார கூப்பிடட்டுமா மேடம்?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரம் நிக்கட்டும்மா" என்றாள் அக்கா. "நீ உக்காரு. எனக்கு மாசம் ரெண்டு தடவ பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வரணும். தினம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுக்கு எத்தன கிலோமீட்டர் ஆகுமோ அத போடு. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். இதுக்கு நீ எவ்ளோ கொறைக்க முடியும்?"

அந்தப் பெண் கணினியைத் தட்டினாள். "இந்த நீலம் ஓட்டிக் காட்டறதுக்கு வச்சிருந்த வண்டி மேடம். அதனால இதுக்கு நல்லாவே கொறைக்கலாம். ஆரம்பத்துலயே சொல்ல வந்தேன், சார் பேசிட்டே இருந்தாரு."

"பின் கதவுல ஒரு கீறல் இருக்கே. மூணு வருஷம் கழிச்சு வண்டியத் திருப்பிக் குடுக்கும்போது அத என் தலையில கட்டக் கூடாது."

"இப்பவே எழுதிக் குடுத்துடறேன் மேடம்."

"வீட்டுக்குச் சார்ஜர்?"

"அது நாங்களே மாட்டிக் குடுக்கறோம்."

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய் பிளந்தது. இத்தனை வருஷம் முகம் சுளித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், ஒரு சொல் விடாமல் பாடம் கேட்டிருக்கிறாள். லைசென்ஸ் அவள் பெயரில், லீசும் அவள் பெயரில். கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, "போய் மாமாவ கூப்பிடு. பாவம், கூப்பிடுவாங்கன்னு காத்துட்டு நிக்கறாரு" என்றாள்.

மாமா தயங்கித் தயங்கி, மிடுக்குக் குறையாமல் வந்தார். வாடகையைக் கேட்டதும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "கதவு வரைக்கும் போனா போதும் மாப்ள." அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொந்தபந்தம் முழுவதும் இந்தக் கதை பரவிவிட்டது. கதவு திறந்து மூடியதுகூட அவர் தந்திரமாகிவிட்டது.

வண்டி வந்ததும் முதல் பயணம் மகள் வீட்டுக்கு. அக்கா ஓட்டினாள், மாமா முன்னால், நான் பின்னால். அந்த வண்டியில் என்ஜின் சத்தம் கிடையாது. அதனால் ஊரைத் தாண்டியதும் மாமா மெல்லக் கேட்டது பின்சீட்டில் என் காதிலும் தெளிவாக விழுந்தது.

"அன்னைக்கு நீலம் பிடிச்சிருக்குன்னு சொன்னியே, அது நடிப்புதானே?"

"இல்லங்க."

மாமா சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப அந்த பால்கனி வீடு?"

"அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

கடைசியாக ஏதாவது ஒன்றாவது மிஞ்சுமா என்கிற குரலில், "அந்த பச்ச சோபா?" என்றார்.

"அது ஒண்ணுதாங்க, நிஜமாவே பிடிக்கல."

மாமாவின் கை தானாகவே கதவுப் பக்கம் போயிற்று. ஓடுகிற வண்டியில் எழுந்து போக இடமில்லை என்பதால், அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.