ஆரோக்கியம் அண்ணன் சொன்னதும் நான் எழுதியதும்

ஆரோக்கியம் அண்ணன் இறந்த செய்தி எனக்குத் தெரியவந்தபோது, அன்றைய வேலைகளில் மூன்றை அவர் பெயருக்கு ஒதுக்கி முடித்திருந்தேன். முதல் வேலை ராஜகீழ்ப்பாக்கத்தில். சமையலறை அலமாரியின் இடது கதவு தொங்குகிறது. ஒன்பது மணியாகியும் அவரிடமிருந்து பதில் இல்லை என்று நானே போன் செய்தேன். அவர் மனைவி லூர்து அக்கா எடுத்தார். "விடியகாலைல போயிட்டாரும்மா. நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான்" என்றார். நான் "சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அலமாரி விற்கும் நம் நிறுவனத்தின் பழுதுப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தின் கீழே எல்லாரும் கைகூப்பிய பொம்மை போட்டீர்கள். நான் போடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

கேம்ப் ரோடு அலுவலகத்தில் புகார்களைப் பதிவு செய்பவள் நான். கூட்டங்களில் என் குரலை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதை அண்ணன் எப்படியோ தெரிந்துகொண்டு, என்னை 'கிராஜுவேட்' என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் வேலை முடிந்ததும் கதவு ஏன் தளர்ந்தது என்பதைப் போனில் தாங்களே எழுதி அனுப்பிவிடுவார்கள். அண்ணனுக்கு அந்தச் சின்ன எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடாது. என்னை அழைத்துச் சொல்வார். நான் அவர் பெயரில் எழுதுவேன்.

"இன்னா கிராஜுவேட், சாப்ட்டியா? எழுதிக்கோ. மேல் கீல் லூசு. ஓட்டைல தீக்குச்சி, பசை வெச்சி இறுக்கிட்டேன். நாளைக்கு வரைக்கும் கதவைத் தொட வேணாம்னு சொல்லிக்கீறேன்."

ஒருமுறை, வாடிக்கையாளரின் கருத்தைக் கேட்டு வர என்னையும் அவரோடு பள்ளிக்கரணைக்கு அனுப்பினார்கள். கதவைச் சரிசெய்தபின் அவர் திறந்து பார்க்கவில்லை. அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "கோவத்துல எப்பிடித் தொறப்பீங்களோ அப்பிடித் தொறங்க" என்றார்.

"வீட்டுக்காரர் ஆபீஸ் போயிட்டாரே அண்ணா, கோவம் எப்படி வரும்?"

"என்னை நெனச்சிக்கோங்க. நாலு தபா போன் பண்ண அப்புறந்தானே வந்தேன்?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கதவை இழுத்துப் படீரென்று சாத்தினார். அது ஆடாமல் நேராகப் போய் உட்கார்ந்தது. திரும்பும்போது அண்ணன் என்னிடம் சொன்னார்: "முறுக்கறது யாரு வேணா முறுக்கலாம். ஏன் லூசாச்சின்னு பாத்து சொல்லணும். அதுக்குத்தான் நம்மள அனுப்பறாங்க."

அவர் பார்த்துச் சொன்னதை நான் மாற்றி எழுதினேன்.

சேலையூரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீடு. புத்தக அலமாரியின் நான்கு கதவுகளும் வாங்கிய வருடமே தளர்ந்துவிட்டன. "அவங்க மேல தப்பில்ல. நம்ம ஸ்க்ரூ குட்டை, போர்டு மாவா உதிருது. புதுசா மாத்தித் தரணும். எழுதிக்கோ" என்றார் அண்ணன். அப்படியே எழுதினேன். மாலையில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "எல்லாத்துக்கும் நம்ம தப்புன்னு போட்டா எப்படிம்மா? கதவுல எதையாவது தொங்கவிட்டிருப்பாங்க. மாத்திடு." நான் வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கதவுகளில் அளவுக்கு மீறிய எடையைத் தொங்கவிட்டதே காரணம் என்று மாற்றினேன். அதன் கீழே அண்ணனின் பெயர் இருந்தது.

அந்த அறிக்கை டீச்சருக்குப் போனது. மறுவாரம் கதவுகளை மறுபடி இறுக்கிவிட அண்ணன் போனபோது, டீச்சர் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். பிறகு எனக்குப் போன் செய்து, தான் பேசியதை அப்படியே சொன்னார். "என் முகத்துக்கு நேரா கம்பெனி தப்புன்னு சொன்னீங்க. அங்க போய் நான் மூட்டை கட்டித் தொங்கவிட்டேன்னு எழுதறீங்க. பொய் எழுதற ஆள் என் வீட்டுக்குள்ள வர வேண்டாம்னு சொல்லிட்டேன். இதையும் புகாரா எழுதிக்கோங்க." அண்ணன் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். 'தப்பு நடந்துபோச்சு மேடம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்தப் புகாரையும் அவர்மேல் நான்தான் பதிவு செய்தேன். மாதக் கூட்டத்தில் மேலாளர் அதை உரக்கப் படித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணன் தலை குனிந்து நின்றார். யார் மாற்றியது என்பது மேலாளருக்குத் தெரியும். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் எப்போதும்போல அழைத்தார். சொல்லி முடித்ததும், "எழுதினியா? ஒரு தபா படிச்சிக் காட்டும்மா" என்றார். அதற்கு முன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. படித்தேன். "ம்" என்றார். அன்றிலிருந்து தினமும் கேட்டார். என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். அவர்மேல் கோபம்கூட வந்தது. அவர் சொன்னதை அப்படியே படித்துக் காட்டிவிட்டு, மேலாளர் சொன்ன நாட்களில் பிறகு மாற்றினேன். மூன்றோ நான்கோ முறை என்று முதலில் இங்கே எழுதியிருந்தேன். இல்லை, ஐந்து முறை.

அவர் இறந்த பிறகு மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். நான் பெயரைச் சொன்னதும் லூர்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் கிராஜுவேட்டா? உன் குரல் எனக்கு நல்லாத் தெரியும்மா. கடைசி வேலைய வூட்டுக்கு வந்துதான் சொல்லுவாரு. போனை ஸ்பீக்கர்ல போட்டு என்னையும் கேக்க வெப்பாரு."

"எதுக்குக்கா?"

"அந்த டீச்சர் பேசினது அவருக்கு ஆறவே இல்ல. 'நான் பொய் எழுதற ஆளாம்'னு சோத்துல கைய வெச்சிக்கினே சொல்லுவாரு. அந்தப் பொண்ணுதான் மாத்திருக்கும்னு நான் சண்டை போட்டேன். அதுக்குத்தான் உன்னைப் படிக்கச் சொன்னாரு. 'கேட்டியா, ஒரு எழுத்து மாறுதா? அது நல்ல பொண்ணு. மாத்தறதெல்லாம் மேல இருக்கறவனுங்க'ன்னாரு. மன்னிச்சிக்கம்மா, உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்."

என் கையில் காபி டம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். உண்மையைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

அதனால் உங்கள் எல்லாரிடமும் இங்கே சொல்கிறேன். சேலையூர் வீட்டைப் பற்றி அந்தப் பொய்யை எழுதியது அண்ணன் இல்லை, நான். அதற்குப் பின் ஐந்து வீடுகளைப் பற்றி எழுதியதும் நான்தான். ஆறு பதிவுகளிலும் அவர் சொன்னதை நேற்று திரும்ப எழுதிவிட்டேன். டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன். "அந்த மனுஷனை வாசலோட அனுப்பிட்டேனேம்மா" என்றார். அவரை அப்படிச் சொல்லவைத்ததும் நான்தான்.

பதிவுகள் மாறியதை மேலாளர் பார்த்துவிட்டார். நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பயமாக இருப்பது, நான் எழுதிய இதை எடுத்துக்கொண்டு லூர்து அக்காவிடம் போவதுதான். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

அண்ணனுடையது என்று என்னிடம் ஒரு திருப்புளிகூட இல்லை. தினமும் சாயங்காலம் அவர் கேட்ட அந்த ஒன்று மட்டும் இருக்கிறது: "ஒரு தபா படிச்சிக் காட்டும்மா." இதை எழுதி முடித்ததும் உரக்கப் படித்தேன். படித்த பிறகு எதையும் மாற்றவில்லை.